பழைய அமெரிக்க நேஷனல் பேங்க் நோட்டு கையில் கிடைத்தால்: விலை கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை

ஒஹாயோவில் எங்கள் வீட்டிலிருந்து பத்து மைல் தள்ளி ஒரு பண்ணை வீட்டில் எஸ்டேட் சேல், அதாவது வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கும் விற்பனை, போட்டிருந்தார்கள். அலமாரி, பீங்கான், பழைய கருவிகள் என்று பார்த்துக்கொண்டே போனபோது ஒரு சுருட்டுப் பெட்டிக்குள் ஏழு பழைய டாலர் நோட்டுகள் இருந்தன. மொத்தமாக 400 டாலர் கொடுத்து வாங்கினேன். அடுத்த வாரமே ஒரு நாணயக் கடைக்குப் போய், அதில் ஒன்றை 120 டாலருக்கு விற்றுவிட்டேன். நல்ல லாபம் என்று நினைத்தபடி வீடு திரும்பினேன்.

அப்புறம் மூன்று மாதம் உட்கார்ந்து படித்தேன். நான் விற்றது பென்சில்வேனியாவில் ஒரு சிறிய ஊர் வங்கியின் நோட்டு. அந்த வங்கியின் பெரிய அளவு (1929க்கு முந்தைய, நீளமான) நோட்டுகளில் இன்று இருப்பதாகப் பதிவானவை ஒன்பதுதான். என் நோட்டைவிடச் சற்று மோசமான நிலையில் இருந்த ஒன்று ஏலத்தில் ஆயிரம் டாலருக்கு மேல் போயிருந்தது. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். என்ன வைத்திருக்கிறேன் என்று தெரியாமல் விலை பேசப் போனேன், அதற்கான நஷ்டம் அது. உங்களுக்கு அது நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நேஷனல் பேங்க் நோட்டு என்றால் இதுதான்: 1863 முதல் 1935 வரை, அமெரிக்க அரசுப் பத்திரங்களை ஈடாக வைத்த உள்ளூர் வங்கிகள் தங்கள் பெயரிலேயே வெளியிட்ட நோட்டுகள். 12,000க்கும் மேற்பட்ட வங்கிகள் வெளியிட்டிருக்கின்றன. ஒரே படம், ஒரே பத்து டாலர், ஒரே ஆண்டு என்று இருக்கும். ஆனால் ஒரு வங்கியின் நோட்டு 80 டாலருக்குப் போகும், பக்கத்து ஊர் வங்கியின் நோட்டு 3,000 டாலருக்குப் போகும். விலையைத் தீர்மானிப்பது நோட்டின் அழகோ பழமையோ இல்லை, அதில் அச்சாகியிருக்கும் வங்கியின் பெயரும் ஊரும். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள வரிசையில் போங்கள்.

1. முதலில் பத்திரப்படுத்துங்கள், சுத்தம் செய்யாதீர்கள்

மடிப்பை நீக்க இஸ்திரி போடுவது, அழுக்கை ரப்பரால் தேய்ப்பது, கிழிசலுக்கு டேப் ஒட்டுவது, இந்த மூன்றும் வேண்டவே வேண்டாம். நீங்கள் செய்தது கிரேடு போடுபவர்களுக்கு, அதாவது நோட்டின் நிலையைப் பார்த்துப் புள்ளி தருபவர்களுக்கு, ஒரே பார்வையில் தெரிந்துவிடும், விலையும் பாதியாகும். நோட்டை ஓரத்தில் பிடித்து எடுங்கள். மைலார் (பாலியெஸ்டர்) உறைகள் வாங்கி ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போடுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறை மலிவாகக் கிடைக்கும், ஆனால் காலப்போக்கில் அது கசிந்து காகிதத்தைக் கெடுக்கும்.

இத்துடன் பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸ், ஒரு மேசை விளக்கு, ஒரு ஸ்கேல். எனக்கு எல்லாம் சேர்த்து 40 டாலருக்குள் முடிந்தது. உறையில் போட்ட பிறகு இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். இனி படத்தை வைத்தே வேலை செய்யலாம், நோட்டைத் திரும்பத் திரும்ப வெளியே எடுக்க வேண்டியதில்லை.

2. அது நேஷனல் பேங்க் நோட்டுதானா என்று பாருங்கள்

முகப்பில் 'நேஷனல் கரன்சி' என்ற வார்த்தைகளும் ஒரு குறிப்பிட்ட வங்கியின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும். ஆனால் இதிலேயே ஒரு பெரிய பொறி உண்டு. நானும் அதில் விழுந்தேன்.

1929 வரிசையில் சிறிய அளவு நோட்டுகள், பழுப்பு முத்திரையுடன், இரண்டு வகையாக வந்தன. ஒன்று நாம் தேடும் நேஷனல் பேங்க் நோட்டு. மற்றொன்று ஃபெடரல் ரிசர்வ் பேங்க் நோட்டு. இரண்டிலும் 'நேஷனல் கரன்சி' என்றே இருக்கும், தூரத்தில் பார்த்தால் ஒரே மாதிரிதான். வித்தியாசம் இப்படி:

ஃபெடரல் ரிசர்வ் வகையில் வங்கியின் பெயர் 'ஃபெடரல் ரிசர்வ் பேங்க் ஆஃப் சிகாகோ' என்பது போல இருக்கும். ஏ முதல் எல் வரையிலான ஓர் எழுத்து கறுப்பாக நான்கு இடங்களில் இருக்கும். மேலே ஈடு பற்றிய வரியில் அரசுப் பத்திரங்களோடு 'அது போன்ற பிற ஈடுகள்' என்ற பொருளில் கூடுதலாக ஒரு தொடர் வரும். கையெழுத்துகளில் பெரும்பாலும் பிரசிடென்ட் இருக்கும் இடத்தில் கவர்னர் என்று இருக்கும். சீரியல் எண்ணில் நட்சத்திரம் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது ஃபெடரல் ரிசர்வ் வகைதான். நேஷனல் பேங்க் நோட்டுகளில் நட்சத்திரம் கிடையாது.

என்னுடைய ஏழில் இரண்டு இந்த வகை. அவற்றுக்கும் வாங்குபவர்கள் உண்டு, ஆனால் அந்த விலைக் கணக்கே வேறு. இனி வரும் படிகள் அவற்றுக்குப் பொருந்தாது.

3. எந்த வரிசை என்று கண்டுபிடியுங்கள்

ஸ்கேலை வையுங்கள். ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் நீளம் என்றால் பெரிய அளவு, 1929க்கு முந்தைய வரிசைகள். 15.6 சென்டிமீட்டர், அதாவது இன்றைய டாலர் அளவு என்றால் 1929 வரிசை.

சிறிய அளவு சுலபம். சார்ட்டர் எண் என்று ஒன்று உண்டு, ஒவ்வொரு வங்கிக்கும் அரசு கொடுத்த பதிவு எண். அது கறுப்பில் இரண்டு இடத்தில் மட்டும் இருந்தால் டைப் 1. அதோடு சீரியல் எண்களுக்குப் பக்கத்தில் பழுப்பிலும் இரண்டு முறை இருந்தால் டைப் 2. சீரியல் எண்ணும் காட்டிக் கொடுக்கும்: டைப் 1-இல் எண்ணுக்கு முன்னும் பின்னும் எழுத்து உண்டு, டைப் 2-இல் முன்னால் மட்டும். டைப் 2 1933-இல்தான் வந்தது, குறுகிய காலமே அச்சானது. அதனால் பல வங்கிகளுக்கு டைப் 2 கிடைப்பது டைப் 1-ஐவிடக் கடினம். எந்த டைப் என்று குறிக்காமல் விலை தேடினால் தப்பான எண்ணைப் பிடித்துவிடுவீர்கள்.

பெரிய அளவில் அதிகம் கைக்கு வருவது 1902 வரிசை. ஐந்து டாலரில் பெஞ்சமின் ஹாரிசன், பத்தில் மெக்கின்லி, இருபதில் ஹியூ மெக்கல்லோ, ஐம்பதில் ஜான் ஷெர்மன், நூறில் ஜான் ஜே நாக்ஸ். இதில் மூன்று உட்பிரிவு உண்டு. முத்திரை சிவப்பாக இருந்தால் ரெட் சீல், 1902 முதல் 1908 வரை வந்தது, மூன்றிலும் அரிது. முத்திரை நீலமாக இருந்து பின்பக்கம் 1902, 1908 என்ற ஆண்டுகள் அச்சாகியிருந்தால் டேட் பேக். நீல முத்திரையோடு பின்பக்கம் ஆண்டுகள் இல்லாவிட்டால் பிளெய்ன் பேக், இதுதான் ஏராளம்.

1882 வரிசையிலும் மூன்று: பின்பக்கம் பழுப்பு ஓரமும் நடுவில் பெரிதாகச் சார்ட்டர் எண்ணும் இருந்தால் பிரவுன் பேக். 1882, 1908 ஆண்டுகள் இருந்தால் டேட் பேக். தொகை எழுத்தால் பெரிதாக எழுதப்பட்டிருந்தால் வேல்யூ பேக், இதுதான் அவற்றில் கிடைக்க அரிது.

அதற்கும் முந்தையவை ஒரிஜினல் சீரிஸ், 1875 சீரிஸ். அவற்றில்தான் ஒரு டாலர், இரண்டு டாலர் நோட்டுகள் உண்டு. இரண்டு டாலரில் 2 என்ற எண் பெரிதாகப் படுத்துக் கிடக்கும், அதனால் அதற்கு 'லேஸி டியூஸ்' என்று பெயர். அப்படி ஒன்று உங்கள் கையில் இருந்தால், எவ்வளவு நைந்திருந்தாலும் இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும்வரை யாரிடமும் பேசாதீர்கள். ஒரிஜினல் சீரிஸ் நோட்டுகள் சிலவற்றில் சார்ட்டர் எண்ணே இருக்காது. 1874-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் அதை அச்சிடத் தொடங்கினார்கள். எண் இல்லை என்பதால் போலி என்று முடிவுகட்டாதீர்கள்.

இங்கே எல்லோரும் இடறும் ஒரு விஷயம்: நோட்டில் இருக்கும் தேதி அச்சான தேதி இல்லை. பெரிய அளவு நோட்டுகளில் வங்கிப் பெயருக்கு அருகே ஒரு தேதி இருக்கும், அது அந்த வங்கியின் சார்ட்டரோடு சம்பந்தப்பட்டது. அச்சிட்டிருக்கும் கருவூல அதிகாரிகளின் கையெழுத்தும் அந்தத் தேதியை ஒட்டியதுதான். 1904 என்று தேதி போட்ட நோட்டு 1920களில் அச்சாகி வெளியே வந்திருக்கலாம். 'இது 1904-ஆம் ஆண்டு நோட்டு, 120 வருஷப் பழசு' என்று சொல்லி விலை ஏற்றுபவர்களிடமிருந்து விலகி நில்லுங்கள்.

4. வங்கி, ஊர், மாநிலம், சார்ட்டர் எண் நான்கையும் எழுதுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். 'ஃபர்ஸ்ட் நேஷனல் பேங்க்' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான வங்கிகள் இருந்தன. ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊர் இல்லினாயிலும் உண்டு, ஒஹாயோவிலும் உண்டு, மாசசூசெட்ஸிலும் உண்டு. ஒரே ஊரில் ஒரே பெயரில் ஒரு வங்கி மூடி, பல ஆண்டு கழித்து வேறு சார்ட்டர் எண்ணோடு இன்னொன்று திறந்ததும் உண்டு. அதே போல, சார்ட்டர் எண் மாறாமலே வங்கி தன் பெயரை மாற்றிக்கொண்டதும் உண்டு. அப்போது ஒரே எண்ணின் கீழ் இரண்டு பெயர்கள், அவற்றில் ஒன்று மிக அரிதாக இருக்கக்கூடும். ஆகவே எண்ணைப் பார்த்துவிட்டுப் பெயரை விட்டுவிடாதீர்கள், பெயரைப் பார்த்துவிட்டு எண்ணை விட்டுவிடாதீர்கள்.

1902 வரிசையில் சில நோட்டுகளில் சார்ட்டர் எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். என் என்றால் நியூ இங்கிலாந்து, ஈ கிழக்கு, எஸ் தெற்கு, எம் மத்திய மேற்கு, டபிள்யூ மேற்கு, பி பசிபிக் பக்கம். நோட்டுகளைப் பிரித்து அடுக்க வசதியாக வைத்தது. விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்து சீரியல் எண். பெரிய நோட்டுகள் நான்கு நான்காக ஒரே தாளில் அச்சாயின. மூன்று பத்து டாலர், ஒரு இருபது டாலர் என்று ஒரு தாள். அந்த நான்குக்கும் ஒரே எண், ஒரே தொகை உள்ளவற்றைப் பிளேட் எழுத்துதான் (தாளில் எந்த இடத்து நோட்டு என்று காட்டும் எழுத்து) பிரித்துக் காட்டும். 1929 டைப் 1-இல் ஆறு நோட்டுகளுக்கு ஒரே எண், முன்னால் ஏ முதல் எஃப் வரை எழுத்து மாறும். எண் 1 என்று வந்தால் தனி மதிப்பு, சேகரிப்பவர்கள் அதற்காகவே காத்திருப்பார்கள்.

கையெழுத்துகளையும் பாருங்கள். என்னிடம் மிஞ்சிய ஒரு மெக்கின்லி பத்து டாலரில் வலது பக்கம் வங்கித் தலைவரின் கையெழுத்து ஊதா ரப்பர் ஸ்டாம்பில் குத்தியது. நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெறும் காகிதம். விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் மங்கலாக ஒரு வளைவு, பிறகு ஒரு பெயரின் முதல் எழுத்து தெரிந்தது. இடது பக்கம் கேஷியர் பேனாவால் போட்டது, மை பழுப்பாகி அப்படியே நின்றிருந்தது. கரன்சி கட்டுப்பாட்டாளர் (நேஷனல் வங்கிகளை மேற்பார்வையிடும் மத்திய அதிகாரி) ஆண்டுதோறும் வெளியிட்ட அறிக்கைகளில் ஒவ்வொரு நேஷனல் வங்கியின் தலைவர், கேஷியர் பெயர்கள் இருக்கின்றன. செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் 'ஃப்ரேசர்' இணையக் காப்பகத்தில் அவற்றை இலவசமாகப் பார்க்கலாம். அதில் தேடியபோது அந்த இரண்டு பெயரும் சேர்ந்து பதவியில் இருந்தது நான்கே ஆண்டுகள் என்று தெரிந்தது. 1904 தேதியிட்ட அந்த நோட்டு உண்மையில் 1920களில் ஒரு கேஷியரின் மேசையில் கையெழுத்தானது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஒரு எச்சரிக்கை. மங்கிய கையெழுத்தின் மேல் மறுபடி மை போட்டு விற்கிறார்கள். லென்ஸில் மடிப்பு வரும் இடத்தைப் பாருங்கள். பழைய மை என்றால் மடிப்பில் காகிதம் உடைந்த இடத்தில் கோடும் சேர்ந்து உடைந்திருக்கும். புது மை என்றால் அந்த உடைப்புக்குள் இறங்கிப் பரவியிருக்கும்.

5. எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று தேடுங்கள்

நான் முதலில் செய்திருக்க வேண்டிய வேலை இது. பைசா செலவில்லை, ஒரு மாலை நேரம் போதும்.

சொசைட்டி ஆஃப் பேப்பர் மணி கலெக்டர்ஸ் என்ற சேகரிப்பாளர் சங்கம் 'பேங்க் நோட் ஹிஸ்டரி' என்ற விக்கியை நடத்துகிறது. சார்ட்டர் எண்ணையோ ஊரையோ போட்டுத் தேடினால் வங்கிக்கு ஒரு பக்கம் வரும். எப்போது தொடங்கியது, எப்போது மூடியது அல்லது வேறு வங்கியோடு சேர்ந்தது, எந்தெந்த வகை நோட்டுகளை எந்தச் சீரியல் எண்வரை வெளியிட்டது என்பது அதில் கிடைக்கும். உங்கள் நோட்டின் சீரியல் எண் அந்த எல்லைக்குள் வருகிறதா என்று சரிபாருங்கள். எல்லையைத் தாண்டினால் நீங்கள் எதையோ தவறாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது நோட்டில் கோளாறு.

அடுத்து சென்சஸ். இன்றைக்குத் தெரிந்திருக்கும் நோட்டுகளை ஒவ்வொன்றாகச் சீரியல் எண்ணோடு பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். நேஷனல் கரன்சி ஃபவுண்டேஷன் இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்கிறது. உங்கள் வங்கிக்குப் பெரியது எத்தனை, சிறியது எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணை எப்படிப் படிப்பது? பத்துக்குக் கீழே என்றால் நிதானமாகப் போங்கள், யாராவது உடனே வாங்குகிறேன் என்றாலும் கொடுக்காதீர்கள். ஐம்பதுக்கு மேலே என்றால் நோட்டின் நிலைதான் விலையைத் தீர்மானிக்கும். ஆனால் சென்சஸ் என்பது பதிவானவை மட்டும். யார் வீட்டுப் பெட்டியிலோ இன்னும் இருபது நோட்டுகள் தூங்கிக்கொண்டிருக்கலாம், அவை ஒரே நாளில் ஏலத்துக்கு வந்தால் விலை சரிந்துவிடும். உங்கள் நோட்டே சென்சஸில் இல்லாமல் இருக்கலாம். அது நல்ல செய்தி, படத்தோடு தெரிவியுங்கள், பதிவான நோட்டை விற்பதும் சுலபம்.

அரிது என்பதும் தேவை என்பதும் வேறு வேறு. ஹோனலூலு வங்கியின் சார்ட்டர் எண் 5550. அதன் நோட்டுகள் எண்ணிக்கையில் நிறையவே மிஞ்சியிருக்கின்றன. ஆனாலும் மாநிலத்துக்கு ஒன்று என்று சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் ஹவாய் வேண்டும், அதனால் விலை இறங்குவதில்லை. பென்சில்வேனியாவில் வங்கிகளே ஏராளம். அங்கே ஏழெட்டு நோட்டு மட்டும் மிஞ்சிய ஊர்கூட, அந்த ஊர்க்காரர் இரண்டு பேர் போட்டி போட்டால்தான் நல்ல விலைக்குப் போகும். அலாஸ்கா, அரிசோனா, நெவாடா, வயோமிங், ஐடஹோ, நியூ மெக்சிகோ என்றாலோ, மாநிலமாவதற்கு முன் 'டெரிட்டரி' என்று அச்சான நோட்டு என்றாலோ நேராக ஒரு பெரிய ஏல நிறுவனத்தின் நிபுணரிடம் பேசுங்கள்.

மறுபக்கம், சான் பிரான்சிஸ்கோ பேங்க் ஆஃப் அமெரிக்கா, சார்ட்டர் 13044. நியூயார்க் சேஸ் நேஷனல் பேங்க், சார்ட்டர் 2370. இவை போன்ற பெரிய நகர வங்கிகளின் 1929 நோட்டுகள் தேய்ந்த நிலையில் முகமதிப்புக்கு மேல் கொஞ்சம்தான் போகும். ஏமாற வேண்டாம்.

6. நிலையை நேர்மையாக மதிப்பிடுங்கள்

70 புள்ளி அளவுகோல்தான் எல்லோரும் பயன்படுத்துவது. கசங்கி, ஓரம் நைந்து, ஆனால் முழுதாக இருந்தால் 8 முதல் 15. மடிப்புகள் பல, ஆனால் காகிதத்தில் இன்னும் உறுதி இருந்தால் 20 முதல் 35. ஓரிரண்டு மடிப்பு மட்டும் என்றால் 40க்கு மேல். மடிப்பே இல்லாவிட்டால் 60க்கு மேல்.

விளக்குக்கு எதிரே பிடித்து ஊசித்துளைகளை எண்ணுங்கள். ஓரத்தை வெட்டியிருக்கிறார்களா என்று அச்சு விளிம்பின் அகலத்தை நான்கு பக்கமும் ஒப்பிடுங்கள். உங்கள் மனதில் தோன்றும் கிரேடிலிருந்து ஒரு படி குறைத்து எழுதுங்கள். சொந்த நோட்டை எல்லோரும் உயர்த்தித்தான் பார்ப்போம்.

7. விலையை ஏல முடிவுகளில் தேடுங்கள்

இணையக் கடைகளில் போட்டிருக்கும் விலை விற்பவரின் ஆசை. உங்களுக்கு வேண்டியது விற்ற விலை. ஹெரிடேஜ், ஸ்டாக்ஸ் பவர்ஸ் ஆகிய ஏல நிறுவனங்களின் பழைய முடிவுகளைப் பார்க்கலாம். ஈபேயில் தேடினால் விற்றுப் போனவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போடுங்கள்.

தேடும்போது ஃப்ரீட்பெர்க் எண் உதவும். இது நோட்டின் வகைக்கு உரிய எண். 1929 ஐந்து டாலர் டைப் 1 என்றால் 1800-1, டைப் 2 என்றால் 1800-2. பத்து டாலருக்கு 1801, இருபதுக்கு 1802. ஆனால் அந்த எண் வகையை மட்டும்தான் சொல்லும். அதை வைத்து மட்டும் விலை பார்த்தால் நான் செய்த தவறையே செய்வீர்கள். என் 120 டாலர் விலை அப்படித்தான் வந்தது. கடையில் புத்தகத்தைத் திறந்து வகைக்கு உரிய குறைந்தபட்ச விலையைக் காட்டினார்கள், ஊர்ப் பெயரை யாரும் பார்க்கவில்லை.

தேடலில் முதலில் அதே சார்ட்டர் எண், அதே வகை. கிடைக்காவிட்டால் அதே சார்ட்டரின் வேறு வகை. அதுவும் இல்லையென்றால் அதே மாவட்டத்தில் ஏறக்குறைய அதே எண்ணிக்கை மிஞ்சிய வேறு வங்கி. கடைசி ஐந்தாறு ஆண்டு முடிவுகள் போதும். 2006-இல் போன விலையைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள்.

இப்போது கணக்கு. ஏலக் காப்பகத்தில் காட்டும் விலையில் வாங்குபவர் கட்டணமும் சேர்ந்திருக்கும், பெரிய நிறுவனங்களில் அது ஏறக்குறைய 20 சதவீதம். 1,200 டாலர் என்று காட்டினால் சுத்தியல் விலை, அதாவது ஏலத்தில் கடைசியாகக் கேட்ட விலை, 1,000. அதில் உங்களிடம் 10 சதவீதக் கமிஷன் எடுத்தால் கைக்கு வருவது 900. டீலர் 700 கொடுக்க முன்வந்தால் அது அநியாயம் இல்லை, அவரும் கடை நடத்த வேண்டும். 300 என்றால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

8. கிரேடிங்குக்கு அனுப்பலாமா?

நோட்டின் நிலையைப் பார்த்துப் புள்ளி தரும் நிறுவனங்களில் பிஎம்ஜி, பிசிஜிஎஸ் இரண்டும்தான் பரவலாக ஏற்கப்படுபவை. பிஎம்ஜி ஃபுளோரிடாவின் சாரசோட்டாவில் இருக்கிறது. கட்டணம் நோட்டின் மதிப்பைப் பொறுத்து மாறும், அனுப்பும் அன்றைக்குப் பட்டியலைப் பாருங்கள். எனக்குக் கட்டணம், போக வர தபால், காப்பீடு எல்லாம் சேர்த்து நோட்டுக்கு 60 டாலர் ஆனது. திரும்பி வர இரண்டு மாதம்.

என் வழி இதுதான்: நோட்டின் மதிப்பு 300 டாலருக்குக் கீழே என்றால் அனுப்புவதில்லை. அதற்கு மேலே என்றாலோ, கையெழுத்திலோ காகிதத்திலோ சந்தேகம் இருந்தாலோ அனுப்புகிறேன். பெரிய ஏலத்துக்குப் போகிற நோட்டு என்றால் நீங்களே அனுப்ப வேண்டாம், ஏல நிறுவனத்திடம் கேளுங்கள். அவர்களே அனுப்பிக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள்.

முடிவில் 'இபிக்யூ' என்று வந்தால் காகிதம் இயல்பாக இருக்கிறது என்று பொருள். 'நெட்' என்று வந்தால் குறை ஏதோ இருக்கிறது, பின்பக்கக் குறிப்பைப் படியுங்கள். அரிய வங்கி என்றால் 'நெட்' வந்தாலும் மனம் தளர வேண்டாம், ஒன்பது நோட்டுதான் உலகத்தில் இருக்கிறது என்றால் வாங்குபவர் கிழிசலையும் பொறுத்துக்கொள்வார்.

9. எங்கே, எப்போது விற்பது

அவசரமாகப் பணம் வேண்டும் என்றால் டீலர். குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள், முதல் ஆள் சொன்னதை இரண்டாவது ஆளிடம் சொல்லாதீர்கள். மலிவான சாதாரண நோட்டுக்கு ஈபே போதும், கட்டணம் சுமார் 13 சதவீதம்.

அரியதற்கு ஏலம். முதலில் படத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், பதில் சில நாளில் வரும். ஒப்பந்தத்தில் மூன்றைப் பாருங்கள்: கமிஷன் எவ்வளவு, படத்துக்கும் காப்பீட்டுக்கும் தனிக் கட்டணம் உண்டா, விற்காமல் திரும்பினால் யார் செலவு. கமிஷன் பேசிக் குறைக்கக் கூடியது, கூச்சப்படாதீர்கள். ஏலத் தேதிக்கு ஆறு, எட்டு வாரம் முன்னால் நோட்டு அவர்கள் கைக்குப் போக வேண்டியிருக்கும். ஏலம் முடிந்து பணம் வர ஏறக்குறைய 45 நாள். கிரேடிங்கையும் சேர்த்தால் தொடக்கம் முதல் கடைசிவரை ஐந்தாறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தபாலில் அனுப்பும்போது அமெரிக்கத் தபால் துறையின் ரெஜிஸ்டர்டு மெயில்தான் என் தேர்வு. மெதுவாகப் போகும், ஆனால் ஒவ்வொரு கையும் கையெழுத்துப் போட்டு வாங்கும், 50,000 டாலர்வரை காப்பீடும் உண்டு. கவரில் நாணயம், கரன்சி என்ற வார்த்தைகள் வரும் நிறுவனப் பெயரை எழுதாதீர்கள், சுருக்கப் பெயரோடு எழுத வேண்டிய முகவரியை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள்.

10. காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்

ஒவ்வொரு நோட்டுக்கும் ஒரு கவர். அதில் வாங்கிய ரசீது, இரண்டு பக்கப் படம், சார்ட்டர் எண்ணும் வகையும் சீரியல் எண்ணும் எழுதிய தாள், கண்டுபிடித்த ஏல முடிவுகளின் அச்சு, கிரேடிங் கட்டண ரசீது. எஸ்டேட் சேலில் ரசீது தர மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள். எனக்கு ஒரு தாளில் 'சுருட்டுப் பெட்டி, பழைய நோட்டுகள் 7, 400 டாலர்' என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். வரிக் கணக்கில் அந்தத் துண்டுத் தாள்தான் எனக்கு உதவியது. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்குச் சேகரிப்புப் பொருள் என்ற கணக்கில் மத்திய வரி அதிகபட்சம் 28 சதவீதம். வாங்கிய விலையைக் காட்ட முடியாவிட்டால் விற்ற தொகை முழுவதுமே லாபமாகிவிடும்.

வாரிசாக வந்த நோட்டு என்றால் அடக்க விலை, கொடுத்தவர் இறந்த நாளின் சந்தை மதிப்பு. அதனால் அந்தத் தேதியை ஒட்டிய மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, உயில் அல்லது நீதிமன்றக் காகிதத்தின் நகலோடு சேர்த்து வையுங்கள். அண்ணன் தம்பிகளுக்குள் பங்கு பிரிப்பதாக இருந்தால் மதிப்பீடு வருவதற்கு முன் பிரிக்காதீர்கள். மேலே பார்க்க ஏழு நோட்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.